காக்காப்பொன் தகட்டில் ஒரு கூடைக்காரி

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. போன மாதம், நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்திலிருந்து இப்போதைய கல்வி அலுவலர் போன் செய்தார். இளம்பெண், நன்றாகப் படித்தவர்.

"மேடம், எல்லாச் சமூகத்து ஆட்களையும் சேர்த்து ஒரு ஆலோசனைக் குழு அமைக்கணும்னு டிரஸ்ட்ல சொல்லிட்டாங்க. யார் யாரைக் கூப்பிடலாம்னு லிஸ்ட் போட்டிருக்கேன். கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. சங்கத் தலைவர்கள், ஜமாத் செயலாளர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள். குறை சொல்ல முடியாத பட்டியல்தான்.

"இதுல யாராவது இதுவரைக்கும் நம்ம மேல கோபப்பட்டிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. போனில் விளக்கக்கூடிய விஷயம் அல்ல, எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது, அவர் ஒருவருக்கு மட்டும் எழுத வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. புத்தூரில் ஒரு பழைய பங்களாவில் இயங்கும் அந்தக் கலை அருங்காட்சியகத்தில் முப்பத்து மூன்று வருடங்கள் இருந்தேன். டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து கல்வி அலுவலராக வெளியே வந்தேன். நடுவில் அஞ்சல் வழியில் படித்தது, பயிற்சிக்குச் சென்னை போய் வந்தது எல்லாம் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கு வேலை கற்றுத் தந்தது ஒரே ஒருவர், காப்பாட்சியர் வரதராஜன் சார்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருமண், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்ததும் பின்கட்டுக் குழாயில் இரண்டு கைகளையும் கழுவித் துடைத்து, உள்ளங்கைகளை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எந்தப் பொருளையும் தொடுவார். பொருள்களின் அருகே யாரும் பேனா வைத்திருக்கக் கூடாது, பென்சில் மட்டும்தான். யாராவது எதையாவது தூக்கப் போனால், "எங்கே வைக்கப் போறேள்?" என்று கேட்பார். பதில் தயாராக இல்லையென்றால் கையை எடுத்துவிட வேண்டும். வைக்கும் இடம் தெரியாமல் தூக்குகிறவன்தான் உடைக்கிறவன் என்பது அவர் கணக்கு.

வெண்கலப் பெருமாளை இடம் மாற்ற வேண்டுமென்றால் "தூக்குங்கோ" என்று சொல்ல மாட்டார். கோயிலில் சுவாமியை எழுந்தருளப் பண்ணுவதுபோல "ஏளப் பண்ணுங்கோ" என்பார். சேர்ந்த புதிதில், "சார், நான் கிறிஸ்டியன். நானும் அப்படித்தான் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அது சிற்பம். எனக்கு அது வேற. என்ன வேணா சொல்லிக்கோங்கோ. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஜாக்கிரதையோடதான் எடுக்கணும்" என்றார்.

பல தரப்பட்ட மக்களோடு அருங்காட்சியகம் எப்படிப் பழக வேண்டும் என்று பின்னாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

வெளியே இருப்பவர்களுக்கும் நம் பொருள்களைப் பற்றித் தெரியும் என்பதை நான் முதலில் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கைலாசபுரம் தொழிற்சாலை டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அங்கே வார்ப்படப் பிரிவில் வேலை. எல்லோரும் வெண்கல அம்மன் சிலைக்கு முன்னால் நிற்க, அவர் மட்டும் பின்னால் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முதுகில் சதுரமாக ஓர் ஒட்டு உண்டு. 'பிற்காலச் சேதம்' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தோம்.

"இது சேதம் இல்லைங்க. ஊத்தும்போதே உலோகம் ஓடாம நின்னுருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள மறுபடி ஊத்தி அடைச்சிருக்காங்க. ஓரத்தைப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா உருகிச் சேர்ந்திருக்கு. நாங்களே இப்படிப் பண்ணியிருக்கோம்."

நான் ஓடிப்போய் சாரை அழைத்து வந்தேன். அவர் டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு அப்படியே தரையில் படுத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து எழுந்து, "நீங்க சொல்றதுதான் சரி" என்றார். குறிப்பு மாறியது. அடுத்த மாதம் அதே மனிதரை வரவழைத்துப் பேசச் சொன்னோம். டவுன்ஷிப்பிலிருந்து இரண்டு பஸ் ஆட்கள் வந்தார்கள்.

இந்த வித்தை எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு, தாமாகவே பஸ் ஏறி வருகிறவர்களோடு பழகுவது சுலபம் என்பது எனக்குத் தெரியவில்லை.

காந்தி மார்க்கெட் எங்களிடமிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒரு வருடத்துக்குப் புரட்டிப் பார்த்தேன், மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒருவர்கூட வந்திருக்கவில்லை. காரணம் தேடிப் போனபோது முதல் காரணம் எளிதாகக் கிடைத்தது. அவர்கள் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய் முற்பகலில் முடிக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது மதியம். நாங்கள் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்காகக் கதவைப் பூட்டிவிடுவோம். சாரிடம் சொன்னேன்.

"நம்ம சாப்பாட்டை மாத்திக்கலாம் ஸ்டெல்லா. மண்டியை மாத்த முடியாது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஆள் மாற்றிச் சாப்பிட ஆரம்பித்தோம்.

நான் வெங்காய மண்டிக்குப் போனேன். துறையூர், பெரம்பலூர் பக்கமிருந்து வந்த சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகல் பொறுக்கி, தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கைப்பையையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்துவிட்டு ஒரு பெண், "ஜெபக் கூட்டமா டீச்சர்? போன வாரம்தான் ஒருத்தங்க வந்தாங்க" என்றார். இல்லை, மியூசியம் என்றேன். "அதுக்கு எதுக்கு எங்களை?" என்றார்.

அவர்தான் அஞ்சலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்த மண்டிப் பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, அதற்கு அவர்தான் தலைவி. குரல் உயர்த்திப் பேச மாட்டார். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் மற்ற பேச்சு நின்றுவிடும். நான்கு முறை போய் வந்த பிறகு, "சரி, புதன்கிழமை வரோம். எங்க வேலை என்னன்னு நீங்க வந்து பார்த்தீங்கல்ல, உங்க வேலை என்னன்னு நாங்களும் வந்து பார்க்கிறோம்" என்றார்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். கையில், சேலையில் வெங்காய வாடை இருந்தது. காவலர் ஒருவர் அவர்கள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கூடத்தின் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் வரும்போது அந்த ஜன்னல்களைத் திறந்து நான் பார்த்ததில்லை. அஞ்சலை அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன். அவர்களை வெண்கலங்கள் பக்கம் அழைத்துப் போனேன்.

வெண்கலங்களை நன்றாக ரசித்தார்கள். மரச் சிற்பத்தில் இருந்த யாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு காக்காப்பொன் ஓவியங்கள் இருக்கும் அறைக்கு வந்தோம்.

காக்காப்பொன் என்பது மைக்கா. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் திருச்சியில் அந்தத் தகடுகளில் படம் எழுதி விற்றார்கள். ஊர் திரும்பும் துரைமார்கள் இங்கே பார்த்த சாதிகள், தொழில்கள், உடைகள் என்று ஒரு பெட்டி வாங்கிப் போவார்கள். எங்களிடம் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் காட்சிக்கு வைத்திருந்தோம். தலையில் கூடை சுமந்து நிற்கும் ஒரு பெண். சிவப்புச் சேலை. பார்த்தால் கண் எடுக்க முடியாது.

அஞ்சலை அதன் முன்னால் நின்று, கீழே இருந்த குறிப்பை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். முதல் வரியில் ஒரு சாதிப் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். அதற்கு அடுத்து: "இழிதொழில் புரியும் பெண். கையில் பிச்சை ஓடு. இவ்வகுப்பார் அசுத்தமான பழக்கங்கள் உடையவர்கள்."

கடைசிச் சொல் வரைக்கும் படித்தார். பின்னால் நின்ற பதினொரு பேரும் கேட்டார்கள்.

"இதை யாரு எழுதினது?"

"பழைய கேட்டலாக்ல இருக்குது அக்கா. வெள்ளைக்காரங்க காலத்துல எழுதினது."

"வெள்ளைக்காரன் தமிழ்லயா எழுதினான்?"

நான் குறிப்பை மறைத்தாற்போல் முன்னால் வந்து நின்றேன்.

"வாங்க வாங்கன்னு நாலு தடவை வந்து கூப்பிட்டீங்களே டீச்சர். இதைப் படிச்சுப் பார்த்துட்டுப் போகவா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் வெளியே போனார்கள். அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த டீயும் வடையும் அப்படியே இருந்தன.

சாரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னேள்?"

"பழைய கேட்டலாக்னு சொன்னேன் சார்."

"அது பாதிதானே உண்மை" என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆங்கிலக் குறிப்புகளை நானே தமிழாக்கி டைப் அடித்துக் கொடுத்த தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் என் சுருக்கொப்பம். அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில் 'தாழ்ந்த வேலை' என்ற பொருளில்தான் இருந்தது. 'இழிதொழில்' என் சொல். அன்றைக்கு அது எனக்கு நல்ல இலக்கணத் தமிழாகத் தோன்றியிருக்கும். அந்தச் சொல்லைத் தினமும் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அந்தப் படத்தின் சிவப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"கையெழுத்துப் போட்டு அங்கீகரிச்சது நான்" என்றார் சார். தாளின் அடியில் அவர் கையெழுத்தும் இருந்தது.

விஷயம் அன்று மாலையே டிரஸ்ட் செயலாளர் காதுக்குப் போனது. அவர் ஒரே வரியில் முடித்தார்: "அந்தப் படத்தை எடுத்து உள்ளே வையுங்க. எதுக்கு வம்பு?"

சார் அதற்கு ஒப்பவில்லை. "எடுக்கலாம். ஆனா அவாளைக் கேக்காம எழுதினதுதானே தப்பு? இப்போ அவாளைக் கேக்காம எடுத்தா அதுவும் அதே தப்புதான்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க போய்க் கேட்டுண்டு வாங்கோ" என்றார்.

மறுநாள் காலை மண்டிக்குப் போனேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அஞ்சலைக்கு எதிரே கிடந்த காலிச் சாக்கில் உட்கார்ந்தேன்.

"சேலை அழுக்காவும்" என்றார், தலை நிமிராமலே.

"அக்கா, அதைத் தமிழ்ல எழுதினது நான்தான்."

கை நின்றது. "நீங்களா?"

"நான்தான். இருபது வருஷத்துக்கு முன்னாடி. இங்கிலீஷ்ல இருந்ததைவிட மோசமா எழுதியிருக்கேன்."

"நேத்து ஏன் சொல்லல?"

"பயம்."

மறுபடி வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார். "எங்கம்மா வாங்கிக் கட்டிக்கிட்ட வார்த்தை டீச்சர் அது. என் பிள்ளைங்க காதுல அது விழக் கூடாதுன்னு நான் எங்கெங்கயோ சண்டை போட்டிருக்கேன். நீங்க அதைக் கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு, சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க."

"எடுத்துடுறோம் அக்கா. படத்தையே எடுத்துடச் சொல்றாங்க."

"எடுத்து எங்க வைப்பீங்க?"

"உள்ள. பீரோவுல."

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "எழுதினது நீங்க. உள்ள போறது அவளா?"

என் பணிக்காலத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியான ஒரு கேள்வி கேட்டதில்லை. படத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். சாரைக் கேட்காமலே சரி என்றேன்.

அடுத்த புதன்கிழமை அஞ்சலையும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். வரதராஜன் சார் கேட் வரைக்கும் நடந்து போய், "வாங்கோ" என்று கைகூப்பி அழைத்து வந்தார். சேமிப்பு அறைக்குள் வெளியார் யாரையும் அதுவரை அவர் விட்டதில்லை.

காக்காப்பொன் தகட்டை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அது வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரியும். விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் வண்ணத்தோடு ஒரு அடுக்கு கையில் வந்துவிடும். மெல்லிய தாளை அடியில் செருகி, அந்தத் தாளோடு நகர்த்த வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. அது சித்திரை மாதம். விசிறியை நிறுத்தியதும் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. மூச்சுக்காற்று படக் கூடாது என்று சார் சொல்ல, நான்கு பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சருகுன்னா எங்களுக்குத் தெரியாதா? நீங்க எடுங்க சாமி" என்றார் அவர்களில் மூத்தவரான மருதாயி.

சார் கூடைக்காரியின் தகட்டை நகர்த்தி எடுத்தார். அடியில் ஓர் அட்டை இருந்தது. அதில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் எழுதியிருந்தது. தகட்டில் முகம் கிடையாது. உடம்பும் சேலையும் கூடையும்தான். பெட்டியைத் திறந்து இன்னொரு தகட்டை எடுத்து அதே முகத்தின் மேல் வைத்தார். இப்போது அவள் மடிசார் கட்டிய ஸ்ரீரங்கத்து மாமி. அதை எடுத்துவிட்டு இன்னொன்று. முக்காடு போட்ட முஸ்லிம் பெண். இன்னொன்று, பட்டு உடுத்திய செட்டியார் வீட்டு மணப்பெண். மொத்தம் எட்டுத் தகடுகள். துரைமார் வீட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வேடிக்கை பார்ப்பதற்காகச் செய்தது.

"எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா?" என்றார் அஞ்சலை, முந்தானைக்குள்ளிருந்து.

"ஒரே முகம்தான்" என்றார் சார்.

மருதாயி மட்டும் கூடைக்காரித் தகட்டைவிட்டு நகரவில்லை. பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். "டீச்சர், கையில இருக்கிறது ஓடு இல்ல. படி. மரப்படி. அடியில பூண் கட்டியிருக்கு பாருங்க. கூடையில வெள்ளையா இருக்கே, அது உப்பு. இவ உப்பு விக்கிறவ. சும்மாடு கட்டியிருக்கா. பிச்சைக்குப் போறவ எதுக்குச் சும்மாடு கட்டப் போறா?"

பார்த்தேன். கோடு கோடாகப் பூண் தெரிந்தது. நூறு முறை பார்த்த படம்.

நால்வரில் இளையவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. "அப்ப இவ நம்ம ஆளுங்களே இல்லக்கா! அவன் தப்பா எழுதிட்டான்."

"யாரா இருந்தா என்ன?" என்றார் அஞ்சலை. "உப்பு வித்தா மட்டும் மரியாதையா எழுதணும், குப்பை அள்ளினா இப்படி எழுதலாம்னா? அவ பேரைக்கூட அவன் கேக்கல. அதான் தப்பு."

வியர்வை கண்ணில் இறங்கியது. தகட்டின் மேல் சொட்டிவிடக் கூடாதே என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

எட்டுத் தகடுகளையும் காட்சிக்கு வைப்பது, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பெண்களையே உட்கார வைத்துக் குறிப்பு எழுதுவது என்று முடிவானது. மூன்று மாதம் பிடித்தது. பாலக்கரையிலிருந்து நூர்ஜஹான் என்ற பள்ளி ஆசிரியை வந்தார். முக்காட்டுப் பெண்ணுக்கு 'அடைபட்ட மாது' என்று கேட்டலாக் பட்டியலில் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இடுப்புல பாருங்க, சாவிக்கொத்து தொங்குது. அடைபட்டவங்க கையிலயா சாவி இருக்கும்?" அதுவும் நாங்கள் யாரும் பார்க்காத சாவிக்கொத்து.

ஸ்ரீரங்கத்து மாமியின் தகட்டுக்கு, 'கல்லை வணங்கும் மூடப் பெண்' என்று இருந்தது. சார் சேர்ந்த நாளிலிருந்து பட்டியலில் இருந்த வரி அது. "உங்களுக்கு இது உறுத்தவே இல்லையா சார்?" என்று கேட்டேன். "மொதல்ல உறுத்தித்து. அப்புறம் பழகிப் போயிடுத்து. என்னை அது வெளியில நிறுத்தலையே, அதனால பழகிக்க முடிஞ்சுது. அவாளுக்கு அப்படியா?" என்றார்.

பழைய குறிப்பை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறான வரியின் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, அடியில் எழுத்துத் தெரியும்படி விட்டு, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். சுவரிலும் அதையே செய்யலாம் என்றார் சார். அஞ்சலை யோசித்தார்.

"பழசும் இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு யாரும் அப்படி எழுதவே இல்லைன்னு சொல்லிடுவாங்க. ஆனா அந்தச் சாதிப் பேரு வேணாம். படிக்கிற பிள்ளைங்க அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவும்."

எதையும் மறைத்துப் பழக்கமில்லாத சாருக்கு அது கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, "பதிவேட்டுல முழுசா இருக்கட்டும். சுவத்துல வேண்டாம். அவா சொல்றதுதான் சரி" என்றார்.

"இன்னொண்ணு," என்றார் அஞ்சலை. "எழுதினது யாருன்னு பேரு போடுங்க. எங்க பேரைப் போடுறீங்கல்ல? அதுக்கும் போடுங்க."

ஆங்கிலத்தில் எழுதியவர் யாரென்று தெரியாது. தமிழில் எழுதியவரைத் தெரியும். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பேரு எதுக்கும்மா? மியூசியம்னு பொதுவாப் போட்டாப் போதும். அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். அவரும், "நம்ம பையன் கூடப் படிச்சவனெல்லாம் வந்து பார்ப்பானே ஸ்டெல்லா" என்றார். எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் சாக்கில் உட்கார்ந்து ஒரு முறை சொல்லியாகிவிட்டது. அதைச் சுவரில் எழுதுவது அதைவிடக் கடினமில்லை என்று தோன்றியது. பெயரை நானே டைப் அடித்துக் கொடுத்தேன். 'அங்கீகரித்தவர்: வரதராஜன்' என்று அதன் கீழே சேர்க்கச் சொன்னார் சார். அவர் ஓய்வு பெற அப்போது நான்கு மாதம்தான் இருந்தது.

மாநாடுகளில் என்னைப் பேசச் சொன்னால் வழிமுறை கேட்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் அவர்கள் இடத்துக்குப் போங்கள், ஒரு முறை அல்ல, பல முறை. அவர்களுக்கு வசதியான நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள். அவர்கள் கோபப்பட்டால் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். விருந்தாளிகள் கோபப்பட மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். கோபத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர், இந்த இடத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறவர். அவரைத் தேடிப் போய் உட்காருங்கள். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

திறப்பு நாளன்று மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். மண்டிப் பெண்கள் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். வரும் முன்னரே எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டேன். யார் வந்தாலும் அன்றிலிருந்து அவை திறந்துதான் இருந்தன. கூடைக்காரிக்கு நேர் கீழே புதுக் குறிப்பு: "உப்பு விற்கும் பெண். தலையில் சும்மாடு, கையில் மரப்படி. இவர் பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை." அதன் கீழே அஞ்சலை, மருதாயி உட்பட நான்கு பெயர்கள். பக்கத்தில், சிவப்புக் கோடு போட்ட பழைய குறிப்பும் எங்கள் இரண்டு பெயர்களும்.

யாரும் அஞ்சலையைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரே முகம் எட்டுப் பேராக மாறுவதை, படியை, பூணை எல்லாம் சொன்னார். ஒரு கல்லூரி மாணவி பழைய குறிப்பைப் படித்துவிட்டு முகம் சுளித்தாள். "யாருங்க இந்த ஸ்டெல்லா? இப்படியெல்லாமா எழுதுவாங்க?"

நான் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அஞ்சலை கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையை நீட்டினார். "அந்தா நிக்கிறாங்களே, நீலச் சேலை. அவங்கதான். தப்பா எழுதினதும் அவங்கதான், அதைச் சொல்ல மண்டிக்கு வந்து சாக்குல உக்காந்ததும் அவங்கதான். போய்ப் பேசு பாப்பா. கேட்டா மறைக்க மாட்டாங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். கூட இருந்தவர்களும் திரும்பினார்கள். நான் முன்னால் போனேன்.